கித்தாப் பாலும் முள்கம்பி வேலியும்

ரப்பர்ப் பால் வெட்ட வெயில் ஆகாது. இரவெல்லாம் நீர் ஏறி, பட்டைக்குள் பால் விம்மி நிற்கும் பின்னிரவில் வெட்டினால் பால் ஏந்தும் மங்கு நிறையும். பொழுது ஏற ஏறப் பால் சுருங்கும். வெட்டுக்கோட்டிலேயே உறைந்து ஒட்டுப்பாலாக நின்றுவிடும். அதனால்தான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு என்னும் ஆள்கணக்கு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக இருட்டில் நிரைபிடித்து நடப்பது பல தலைமுறைத் தமிழர்களுக்கு வாடிக்கையான காலையாக இருந்தது.

1951 வாக்கில் பல தோட்டங்களில் அந்தக் காலை மாறிப்போனது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. வேலிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவல். ஊரடங்கு முடியும்வரை வாசல் திறக்காது. திறந்ததும் வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பெண்கள் மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. போனால் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்குப் போய்ச் சேரும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. சோதனை முடிந்து மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் பால் இறங்கும் நேரம் பாதி கழிந்திருக்கும். வேலை முடியும்வரை பட்டினி.

வாசலைச் சீக்கிரம் திறந்தால் பால் கூடும், தாமதித்துத் திறந்தால் காவல் கூடும். வணிகமா, பாதுகாப்பா என்று இன்று தலைநகரங்களில் நடக்கும் விவாதம், அன்று பகாவிலும் லாபுவிலும் ரந்தாவிலும் ஒரு வாசற்கதவின் நேரமாக இருந்தது.

பகை நாட்டோடு வியாபாரம் செய்யலாமா, செய்தால் எதுவரை செய்யலாம் என்ற கேள்வி மலேசியாவுக்குப் புதியதல்ல. சீனா, ரப்பர், கம்யூனிசம் என்று மூன்று இழைகளில் அந்தக் கேள்வியை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண் சந்தித்தது. அந்தக் கதையில் லண்டன் வருகிறது, வாஷிங்டன் வருகிறது, பீக்கிங் வருகிறது. மரம் வெட்டியவர் மட்டும் எந்த மேசையிலும் வருவதில்லை.

நான்கு வேலையை ஒருசேரச் செய்த லண்டன்

1950 ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. போர் என்றால் லாரி. லாரி என்றால் டயர். டயர் என்றால் ரப்பர். அமெரிக்கா கிடங்கு கிடங்காக வாங்கிக் குவித்தது. 1949-ல் ராத்தலுக்குச் சராசரியாக 38 காசு விற்ற ரப்பர், 1950-ல் 108 காசுக்கு ஏறியது. 1951-ல் 169 காசு. இரண்டே ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல். பகாவ் பக்கத்திலிருந்து ஏறிய சரக்கு, கிழக்குக்கரைப் பாதையும் மேற்குக்கரைப் பாதையும் கூடும் கெமாஸ் சந்திப்பு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரில் யார் காசு கொடுத்தாலும் ரப்பர் கிடைத்தது. வாங்கியவர்களில் சீனாவும் இருந்தது.

அங்கேதான் சிக்கல். 1950 ஜனவரியில் புதிய சீன அரசை அங்கீகரித்த முதல் மேற்கத்திய நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. ஹாங்காங் அதன் கையில் இருந்தது. சீனாவோடு முகம் முறித்துக்கொள்ள அதனால் முடியாது. அதே ஆண்டு கடைசியில் கொரியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சீனப் படைகளை எதிர்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மலாயாக் காடுகளில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் படையோடு 1948 ஜூனிலிருந்தே 'அவசரகாலம்' என்ற பெயரில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கட்சிக்கு மாவோவின் வெற்றி பெரிய தெம்பு. இத்தனைக்கும் நடுவில் மலாயா ரப்பர் சீனாவுக்குக் கப்பலேறியது. அங்கீகாரம், போர், காட்டுச் சண்டை, வியாபாரம் என நான்கு வேலையையும் லண்டன் ஒருசேரச் செய்துகொண்டிருந்தது.

பிரிட்டனின் கணக்கைப் புரிந்துகொள்வது கடினமல்ல. உலகப் போரில் கடனாளியாகிவிட்ட அந்த நாட்டுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த பெரிய பொருள் மலாயா ரப்பர். சந்தை திறந்திருந்தால்தான் விலை நிற்கும். விலை நின்றால்தான் ஏற்றுமதி வரி வரும். அந்த வரிதான் அவசரகாலப் போரின் செலவுக்குக் கைகொடுத்தது. சீனாவுக்கும் சேர்த்து விற்ற ரப்பரின் பணத்தில் ஒரு பகுதி, சீனப் புரட்சியை முன்மாதிரியாகக் கொண்டவர்களை எதிர்க்கும் போருக்குப் போனது. ஆட்சியாளர்கள் இதை முரண்பாடாகப் பார்க்கவில்லை. அரசாங்கம் நடத்துவது என்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1951 ஏப்ரல் கடைசியில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று சீனத் தாக்குதலில் நிலைகுலைந்தது. தன் சிப்பாய்களைச் சுடுகிறவனுக்கே டயர் செய்ய ரப்பர் கொடுப்பதா என்று அமெரிக்காவில் கூச்சல் எழுந்தது. மே மாதத்தில் சீனாவுக்கான ரப்பர் ஏற்றுமதியை நிறுத்துவதாக லண்டன் அறிவித்தது. மே 18 அன்று ஐ.நா. பொதுச்சபை, சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் ஆயுதங்களும் போருக்கு உதவும் பொருள்களும் அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போட்டது. சோவியத் யூனியனுக்கு மலாயா ரப்பர் போவது மட்டும் அப்போதும் நிற்கவில்லை.

இந்த முடிவை எடுக்கும்போது மலாயா மக்களைக் கேட்கவில்லை. கேட்க ஒரு நாடாளுமன்றமும் அன்று இல்லை.

வேலிக்குள் வந்த விலை

இனி, அந்த நான்கு மடங்கு விலை லயத்துக்குள் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

உலகப் போருக்குப் பின் 1946, 47-ல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் வலுவாக எழுந்தன. அவசரகாலம் வந்ததும் அவற்றில் பலவற்றின் கதை முடிந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற இந்திய அரசு எடுத்த முயற்சி பலிக்கவில்லை. அந்தத் தூக்குக்குப் பிறகு சங்கம் என்ற சொல்லையே தோட்டங்களில் பலர் வாய்விட்டுச் சொல்லப் பயந்தார்கள். கித்தா எனும் ரப்பரின் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போன நேரத்தில், கூலி கேட்க வேண்டியவர்களின் குரல் மிகத் தாழ்ந்து கிடந்தது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நேர்ந்ததுதான் அந்தத் தலைமுறையின் பெரிய இழப்பு.

சிரம்பானை மையமாக வைத்து நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய பி. பி. நாராயணன் போன்றவர்கள், கம்யூனிஸ்ட் என்ற முத்திரை விழாமல், சட்டத்துக்குள் நின்று சங்கத்தை மறுபடி கட்டினார்கள். பேச்சுவார்த்தைகளில் கூலி ஏறியது. ஆனால் ரப்பர் விலையோடு கட்டிப்போட்ட கூலி அது. விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். விலை ஏறிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. போர்க்காலப் பணவீக்கத்தில் அரிசியும் துணியும் விலையேறி, ஏறிய கூலியிலும் ஒரு பங்கைத் தின்றுவிட்டன.

1951-க்குப் பிறகு விலை சரிந்தது. அமெரிக்கக் கிடங்குகள் நிறைந்துவிட்டன. செயற்கை ரப்பர் ஆலைகள் மறுபடி முழுமூச்சாக ஓடின. சீனச் சந்தை மூடிக் கிடந்தது. 1953-ல் சராசரி விலை 67 காசு. விலையோடு கட்டிய கயிறு கூலியையும் கீழே இழுத்தது. தனித்தனி மாநிலச் சங்கங்களாக இருந்தால் தாக்குப்பிடிக்க முடியாது என்ற பாடம் அந்தச் சரிவில் கிடைத்தது. 1954-ல் அவை ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாராயணன் அதன் பொதுச்செயலாளர் ஆனார்.

பாதுகாப்பு என்ற பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1950-ல் ஜெனரல் பிரிக்ஸ் தீட்டிய திட்டப்படி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட புறம்போக்குக் குடியிருப்பாளர்கள், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டது பரவலாகத் தெரிந்த கதை. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் இதேபோல் இருந்த இடத்திலேயே வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்துப் பெரிய லயங்களோடு சேர்த்தார்கள். ஜன்னல் வழியே கோழியும் கறிவேப்பிலையும் தெரிந்த வீட்டில் இருந்தவர்களுக்கு முள்கம்பி தெரிந்தது. உணவுக் கட்டுப்பாடு கடுமையான இடங்களில் கடைக்காரர் தகரப் பாலைத் துளையிட்டுத்தான் விற்க வேண்டும், சேர்த்துவைக்க முடியாதபடி.

காட்டுக்குள் இருந்தவர்களும் இந்த மக்களை விட்டுவைக்கவில்லை. துரைமாரின் வருமானத்தை ஒடுக்குவதாகச் சொல்லிப் பால்மரங்களின் பட்டையைக் கண்டபடி வெட்டிப் பாழாக்கினார்கள். பட்டை சிதைந்த மரம் மறுபடி பாலுக்கு வரப் பல வருஷம் ஆகும். புதிதாக நட்டால் ஆறேழு வருஷம். அந்த மரத்தை நம்பி இருந்த குடும்பத்துக்கு அதுவரை வேறு நிரை கிடைத்தால் உண்டு. இதனால் மக்கள் வெறுக்கிறார்கள் என்று கட்சிக்கே உறைத்தது. 1951 அக்டோபரில் மரங்களைச் சிதைப்பதையும் அடையாள அட்டையைப் பறிப்பதையும் நிறுத்தும்படி கட்சி மேலிடம் உத்தரவிட்டது. மரத்தில் கைவைத்தால் யார் அடுப்பு அணையும் என்பது மூன்று ஆண்டு கழித்துத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

கொழும்பு எடுத்த வேறு முடிவு

இதே ரப்பரை வைத்துக்கொண்டு இன்னொரு நாடு வேறு மாதிரி நடந்தது.

இலங்கை அப்போது சுதந்திர நாடு. ஐ.நா.வில் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை; 1955-ல்தான் ஆனது. 1952-ல் அந்த நாட்டுக்கு இரட்டை நெருக்கடி. ரப்பர் விலை விழுந்தது, அரிசி விலை ஏறியது. அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தார்கள். ரப்பருக்குக் கூடுதல் விலையும் வரவில்லை, அரிசிக்குச் சலுகையும் வரவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் போனார். 1952 டிசம்பர் 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுதோறும் சீனா 2,70,000 டன் அரிசி கொடுக்கும். இலங்கை 50,000 டன் ரப்பர் கொடுக்கும். ரப்பருக்குச் சீனா கொடுத்த விலை சிங்கப்பூர்ச் சந்தை விலையைவிட நன்றாகவே கூடுதல். பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசு கம்யூனிச அரசல்ல. உள்நாட்டில் இடதுசாரிகளை எதிர்த்தே ஆட்சிக்கு வந்த கட்சி அது. அமெரிக்கா உதவியை மறுத்தது. இலங்கை பணியவில்லை. ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டு நின்றது.

கொழும்பின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த ரப்பரை வெட்டியவர்களில் இருந்த மலையகத் தமிழர்களுக்கு அதில் எந்தக் குரலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1948-ன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்கள் நாடற்றவர்கள் ஆகியிருந்தார்கள். 1952 தேர்தலில் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. மலாயாவிலும் பெரும்பாலான தோட்டத் தமிழர்கள் அன்று குடிமக்கள் இல்லை. ஒரு நாட்டின் ரப்பருக்குச் சீனச் சந்தை அடைக்கப்பட்டது, இன்னொரு நாடு துணிந்து விற்றது. இரண்டு இடத்திலும் உளி பிடித்த தமிழர் கணக்கில் வரவில்லை.

தடையால் சீனா முடங்கியதா? இல்லை. பனிக்காற்று அடிக்காத தென்கோடி நிலங்களைத் தேடி, ஹைனான் தீவிலும் யுன்னானின் சிஷுவாங்பன்னாவிலும் ரப்பர் நட்டது. படை வீரர்களையும் ஊர் ஊராக ஆட்களையும் இறக்கி அரசுப் பண்ணைகளை உருவாக்கியது. தென்கிழக்காசியாவிலிருந்து திரும்பிய சீனர்கள் தோட்டத் தொழில் அறிவையும் கூடவே கொண்டுபோனார்கள். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது அமெரிக்கா செயற்கை ரப்பருக்குப் போனது. மேற்கு நாடுகள் கதவடைத்தபோது சீனா சொந்தத் தோட்டத்துக்குப் போனது. ஒவ்வொரு முறையும் மலாயா ரப்பருக்கு ஒரு புதிய போட்டி பிறந்தது, அதன் விலை நெகிரி செம்பிலானின் லயங்களில் வந்து இறங்கியது.

வானொலியில் தமிழ், கப்பலில் ரப்பர்

1956 ஜூனில் பிரிட்டன் தடையைத் தளர்த்தியது. சீனாவின் பொதுத்தேவைக்கு ஏற்ற அளவு ரப்பர் போகலாம் என்றது. மலாயா, சிங்கப்பூர் வணிகர்கள் குழுவாகச் சீனா போய்வந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 சுதந்திரம். 1960 ஜூலை 31 அவசரகாலம் முடிந்தது. வேலிகள் பிரிக்கப்பட்டன. ஆனால் பீக்கிங்கோடு தூதரக உறவு இல்லை. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கம்யூனிச எதிர்ப்பில் விட்டுக்கொடுக்காதவர். ரப்பர் மட்டும் பெரும்பாலும் பிறர் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

துன் அப்துல் ரசாக் பிரதமராக வந்ததும் பாதை மாறியது. 1971-ல் தெங்கு ரசாலி தலைமையில் வணிகக் குழு பீக்கிங் போனது. சீனா நேரடியாக ரப்பர் வாங்க இசைந்தது. 1974 மே 31 அன்று ரசாக்கும் சீனப் பிரதமர் சூ என்லாயும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆசியான் நாடுகளில் சீனாவோடு உறவு வைத்த முதல் நாடு மலேசியா. அந்த ஆகஸ்டுத் தேர்தலில் ரசாக் மாவோவோடு கைகுலுக்கும் படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது.

கையெழுத்தான ஏழாம் நாள், ஜூன் 7, நாட்டின் காவல்துறைத் தலைவர் டான் ஸ்ரீ அப்துல் ரஹ்மான் ஹாஷிம் கோலாலம்பூர் நடுவில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தேசிய நினைவுச்சின்னத்தில் குண்டு வெடித்தது. நாட்டோடு நாடு உறவு வேறு, கட்சியோடு கட்சி உறவு வேறு என்றது பீக்கிங்.

அந்த விளக்கத்தின் உண்மைப் பொருள் என்ன என்பதைத் தோட்டத்து வானொலிப் பெட்டி சொன்னது. 1969 நவம்பரிலிருந்து சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து 'மலாயாப் புரட்சியின் குரல்' என்ற ஒலிபரப்பு வந்துகொண்டிருந்தது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும். மலைகளுக்கு நடுவே எங்கோ இருந்த ஒலிபரப்பு நிலையத்திலிருந்து ஒரு தமிழ்க்குரல், நெகிரி செம்பிலான் லயத்தில் சிற்றலை திருப்புகிற தொழிலாளியை ஆயுதப் புரட்சிக்கு அழைத்தது. அதே தொழிலாளி காலையில் இறக்கிய பாலை, ஷீட்டாகப் புகைபோட்டு, அதே நாடு காசு கொடுத்து வாங்கியது. கூட்டறிக்கைக்குப் பிறகும் ஏழு ஆண்டு இந்த ஒலிபரப்பு நிற்கவில்லை; 1981 ஜூன் 30-ல்தான் ஓய்ந்தது. 1989 டிசம்பர் 2 அன்று ஹட்யாயில் சமாதான உடன்பாடு கையெழுத்தாகும்வரை காட்டில் துப்பாக்கியும் ஓயவில்லை. மலேசியர்கள் தடையின்றிச் சீனா போய்வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே ரசாக் செய்தது என்ன? சரக்குக்கு வாசலைத் திறந்தார், ஆட்களுக்குத் திறக்கவில்லை. ரப்பர் போகும், மக்கள் போகமாட்டார்கள். எதிரியோடு நட்பு பிறந்துவிட்டதாக அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எதிரி என்றே வைத்துக்கொண்டு எதை விற்கலாம் என்று தானே தீர்மானித்தார். 1951-க்கும் 1974-க்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னதில் மலாயாவுக்காக வேறொருவர் எடைபோட்டார். பின்னதில் மலேசியா தானே எடைபோட்டது. தராசு சரியாக நின்றதா என்பது அடுத்த கேள்வி. தராசு தன் கையில் இருந்தது பெரிய விஷயம்.

ஆனாலும் அந்தத் தராசில் வெட்டுக்காரர் இல்லை. 1974 நவம்பரில் கெடாவின் பாலிங்கில் ரப்பர் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். விலை விழுந்து, சாமான் விலை ஏறி, வயிறு காய்ந்ததே காரணம். பீக்கிங் சுவரொட்டியின் பசை காய்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

செம்பனைக்கும் வந்தது

பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் கதை தொடர்ந்தது. இந்த முறை மறுபக்கத்தில் சீனா இல்லை, இந்தியா. 2019 செப்டம்பரில் ஐ.நா.வில் பேசிய பிரதமர் மகாதீர், காஷ்மீர் குறித்து இந்தியாவைக் கடுமையாகக் குறைசொன்னார். அந்த ஆண்டு மலேசியச் செம்பனை எண்ணெயை அதிகம் வாங்கிய நாடே இந்தியாதான். 2020 ஜனவரியில் சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதிக்கு டெல்லி கட்டுப்பாடு விதித்தது. வாங்குவது சட்டென்று வற்றியது. மே மாதம் மலேசியா இந்தியாவிடம் 1 லட்சம் டன் அரிசி வாங்கச் சம்மதித்த பிறகு எண்ணெய் மறுபடி ஓடத் தொடங்கியது. கொழும்பைப்போலவே இங்கும் கடைசியில் அரிசி வந்து நின்றது. தாத்தா வந்த நாடும் பேரன் பிறந்த நாடும் மோதிக்கொண்ட அந்த நான்கு மாதம், செம்பனைக் குலை அறுத்துக் கூலி வாங்கும் தமிழர்களுக்கு நல்ல மாதங்களாக இருக்க வாய்ப்பில்லை.

இன்று நெகிரி செம்பிலானின் பழைய தோட்ட நிலங்கள் வேறு முகம் காட்டுகின்றன. செண்டாயானில் புதுநகரமும் விமானப்படைத் தளமும் எழுந்திருக்கின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் செனவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். அங்கே அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சில்லுத் தொழிற்சாலை இருக்கிறது. 1951-ல் ரப்பர் எப்படியோ, இன்று சில்லு அப்படி. 2025 ஜூலையில் மலேசிய அரசு, அமெரிக்காவில் உருவான உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை அனுமதியின்றி ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அறிவித்தது. மலேசியா வழியாக அவை சீனாவுக்குப் போகின்றன என்ற வாஷிங்டனின் சந்தேகமே பின்னணி. சிங்கப்பூர் வழியாக ரப்பர் போகிறது என்று 1951-ல் எழுந்த அதே சந்தேகம்.

2025 ஏப்ரலில் சீன அதிபர் ஷி ஜின்பிங் கோலாலம்பூர் வந்தார். அக்டோபர் 26 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் வந்து பரஸ்பர வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கா தன் பொருளாதாரப் பாதுகாப்பு அல்லது தேசியப் பாதுகாப்பு காரணமாக ஒரு வணிகக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தால், அது இரு நாட்டுக்கும் பொதுவான கவலையாக இருக்கும்போது, மலேசியாவும் ஈடான நடவடிக்கை எடுக்கும் என்ற பொருளில் அதில் ஒரு விதி இருக்கிறது. நாட்டின் இறையாண்மையை அடகுவைப்பதாக எதிர்க்கட்சிகள் சாடின. பொதுவான கவலைக்கு மட்டுமே பொருந்தும் என்று அமைச்சர் பதில் சொன்னார். பீக்கிங் தன் கடுமையான கவலையைத் தெரிவித்தது. அந்த ஒப்பந்தத்தின் கதி எப்படிப் போனாலும், அந்த விதி எழுப்பும் கேள்வி போகாது. தராசு யார் கையில்?

சீனாவை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2021 மே 31 அன்று, கூட்டறிக்கையின் 47-ஆம் ஆண்டு நாளிலேயே, 16 சீன ராணுவ விமானங்கள் சரவாக் கரைக்கு அருகே பறந்து வந்தன. மலேசியப் போர்விமானங்கள் எழும்பிப் பார்த்தன. தூதரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். அந்த ஆண்டும் மலேசியாவின் முதல் வணிகக் கூட்டாளி சீனாதான். 2009-லிருந்து அப்படித்தான். மலேசிய இயற்கை ரப்பரை அதிகம் வாங்கும் நாடும் அதுவே.

எனவே முழுக்க விற்காமல் இருப்பதும் நடக்காது, எதையும் பாராமல் விற்பதும் கூடாது. எந்தச் சரக்கு, எவ்வளவு, எதுவரை என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கத்தான் வேண்டும். அப்படி முடிவெடுக்கும் அறையில் அமைச்சக அதிகாரிகள் இருக்கிறார்கள், ஏற்றுமதியாளர்கள் இருக்கிறார்கள், ராணுவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் மின்னியல் தொழிலாளர் சங்கங்களுக்கும் அங்கே நாற்காலி வேண்டும். ஒரு சந்தை மூடினால் எத்தனை பேருக்கு வேலைநாள் குறையும், அதற்கு யார் ஈடு கொடுப்பது என்று ஒப்பந்தத்தோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும். ஏற்றுமதியாளருக்குச் சலுகை தேடும் அரசு, கூலிக்காரருக்கு ஈடு தேடாமல் இருப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

இன்னொன்று வாசகர்களிடம் கேட்க வேண்டும். 1951-ல் ரப்பர் ராத்தலுக்கு எத்தனை காசு விற்றது என்பது நாள்வாரியாக ஆவணங்களில் இருக்கிறது. தோட்டத்து வேலி வாசல் எத்தனை மணிக்குத் திறந்தது, அன்று எத்தனை வாளி பால் குறைந்தது, பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்பவை அப்படிப் பதிவாகவில்லை. அந்த வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று எண்பத்தைந்து வயது. லிங்கியிலோ தம்பினிலோ சிரம்பான் அடுக்குமாடியிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதைத் தோட்டத்தின் பெயரோடும் வருஷத்தோடும் எழுதி வையுங்கள்.